பண்ணலும் மெட்டும்: கிதாரை நம் இசைக்கு இயைத்தல் பற்றிய ஓர் ஆய்வு

1. நுவலும் பொருள்

நரம்புக் கருவி ஒன்றில் இன்ன சுரம் இன்ன இடத்தில் எழுதல் வேண்டும் என வரையறுப்பவர் யார்? அதனை இசைக்கும் கலைஞரா, அதனைச் செய்து விற்கும் தொழிற்சாலையா? இவ்வினா இசை வல்லார்க்கே உரியது எனப் பலர் கருதக்கூடும். ஆயினும், பண்டைத் தமிழ் நூல்களைப் பயில்வார்க்கும் இதில் பங்கு உண்டு. யாழைக் கையில் எடுத்த கலைஞர் முதற்கண் செய்யும் செயலுக்குப் 'பண்ணல்' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்னும் எட்டனுள் அதுவே முதலாவது. இசைக்க எடுத்துக்கொண்ட பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை நிறுத்துதல் என்பது அதன் பொருள். அச்செயல் முற்றிலும் கலைஞருடையதாக இருந்தது.

இன்று நகரத்து வீடுகளிலும் சிற்றூர் வீடுகளிலும் இளைஞர் கையில் காணப்படும் நரம்புக் கருவி பெரும்பாலும் கிதாரேயாம். காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றங்கரையை ஒட்டிய செவிலிமேட்டில், பட்டுத்தறியின் ஓசைக்கு இடையே கிதாரின் ஒலியும் கேட்கிறது. அக்கருவியில் மோகனமோ கல்யாணியோ வாசிக்க முற்படும் இளைஞர், தம்பூராவோடு அது முற்றும் ஒன்றாமையை விரைவில் உணர்வர். குறை அவர்தம் விரலில் இல்லை. கருவியின் கழுத்தில் அறையப்பட்டுள்ள மெட்டுக்களின் இடைவெளியில் உள்ளது. அம்மெட்டுக்களைப் பெயர்த்து நம் இசைக்கு ஏற்ப மீண்டும் அமைத்தல் கூடுமா, கூடுமெனின் எவ்வாறு, எத்துணை அளவிற்கு என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

2. நரம்பும் மெட்டும்

தமிழ் இசைநூல் வழக்கில் 'நரம்பு' என்னும் சொல் கருவியில் கட்டப்படும் தந்தியையும், அதில் பிறக்கும் சுரத்தையும் ஒருங்கே குறித்தது. இதற்குக் காரணம் வெளிப்படை. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. நரம்பை முறுக்கினால் சுரம் உயரும், தளர்த்தினால் தாழும். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டிலும், அது எட்டிற்கும் ஏழிற்கும் உரியது என்னும் குறிப்புத் தமிழில் உள்ளது. அவ்வெண்கள் நரம்பின் தொகையைச் சுட்டுவன என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவன், அக்கோயிற் கல்வெட்டுக்களில் தன்னை 'வீணா நாரதன்' என்று அழைத்துக்கொள்வதும் நினைக்கத்தக்கது. நரம்புக் கருவித் தேர்ச்சியை ஒரு பேரரசன் தன் விருதாகக் கொண்ட ஊர் காஞ்சி.

பிற்காலத்தில் யாழ் வழக்கிறந்து, மெட்டுக்கள் பொருந்திய வீணை ஓங்கியது. அப்போது சுரத்தை வரையறுக்கும் பொறுப்பு முறுக்காணியிலிருந்து மெட்டுக்கு மாறிற்று. ஒரே தந்தியில் பல சுரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெட்டு. இம்மாற்றம் ஒரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. ஒவ்வோர் இராகத்திற்கும் மெட்டுக்களை நகர்த்தி அமைப்பதா, எல்லா இராகங்களுக்கும் பொதுவாக ஒரே அமைப்பில் நிறுத்துவதா என்பதே அது. பழைய வடமொழி இசைநூல்கள் முன்னதை ஏகராக மேள வீணை என்றும், பின்னதைச் சர்வராக மேள வீணை என்றும் வகுத்தன. 1550-இல் இராமாமாத்தியர் இயற்றிய சுவரமேளகலாநிதி மெட்டுக்களை நிறுத்தும் முறையை விரித்துரைக்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் (1600–1634) 24 மெட்டுக்கள் கொண்ட வீணை நிலைபெற்றது என்பர். ஆக, இன்று கிதாரை முன்வைத்து எழும் வினா புதியது அன்று. நானூறு ஆண்டுகட்கு முன்னரே நம்மவர் எதிர்கொண்ட வினாவே ஆகும்.

'மெட்டு' என்னும் சொல் இன்று வீணையின் மெட்டையும் பாடலின் இசையமைப்பையும் குறித்தலும் ஈண்டுக் கருதற்பாலது. கருவியின் உறுப்பும் பாட்டின் வடிவும் ஒரே பெயரால் வழங்கும் மொழியில், மெட்டை மாற்றுதல் சிறு செயல் ஆகாது.

3. அலகுக் கணக்கு

சிலப்பதிகார உரைகளால் நாம் அறியும் அலகுக் கணக்கு வருமாறு: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. ஏழு இடைவெளிகள் மூவகை அளவுகளில் அமைந்துள்ளமை இதனால் விளங்கும். நான்கு அலகு உடையன மூன்று. மூன்று அலகு உடையன இரண்டு. இரண்டு அலகு உடையன இரண்டு. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் நான்கு அலகை 9/8 என்னும் விகிதமாகவும், மூன்று அலகை 10/9 ஆகவும், இரண்டு அலகை 16/15 ஆகவும் கொள்வர். மூன்று 9/8, இரண்டு 10/9, இரண்டு 16/15 ஆகியவற்றைப் பெருக்கின் பிசகின்றி 2 வரும். அஃதாவது ஒரு ஸ்தாயி நிறைவுறும்.

மேனாட்டுக் கிதாரோ ஒரு ஸ்தாயியை 12 சமபாகங்களாகப் பகுக்கிறது. ஸ்தாயி முழுவதையும் 1200 நுண்கூறுகளாகக் கொண்டால், ஒவ்வொரு பாகமும் சரியாக 100 கூறு பெறும். அலகு முறையில் நான்கு அலகு ஏறத்தாழ 204 கூறு. மூன்று அலகு 182. இரண்டு அலகு 112. கிதாரில் நான்கு அலகிற்கும் மூன்று அலகிற்கும் வேறுபாடே இல்லை. இரண்டும் 200 கூறாகவே ஒலிக்கும். நம் முன்னோர் காதால் பிரித்தறிந்த இரண்டினை அக்கருவி ஒன்றாக்கிவிடுகிறது. சிக்கலின் வேர் இதுவேயாம்.

1917-இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம், 22 என்னும் கணக்கை மறுத்து, ஸ்தாயியை 24 சமபாகங்களாகக் கொள்ளுதலே தமிழர் முறை என்று வாதிட்டது. 1947-இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல், 22 அலகை விகிதக் கணிதத்தால் நிறுவ முயன்றது. இவ்விரு பெருநூல்களுக்கும் இடைப்பட்ட கருத்து வேற்றுமை கிதாரின் கழுத்தில் நேரே வந்து நிற்கிறது. பண்டிதர் வழியைப் பின்பற்றின், இருக்கும் ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒரு மெட்டைச் சேர்த்தால் போதும். அடிகளின் வழியைப் பின்பற்றின், இருக்கும் மெட்டுக்கள் பெரும்பாலனவற்றை இடம் பெயர்த்தல் வேண்டும்.

4. கிதாரின் அளவை

கணக்கை மில்லிமீட்டரில் காண்பது தெளிவு தரும். கிதாரின் மேட்டிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்று கொள்வோம். விகிதம் 5/4 உடைய அந்தர காந்தாரம் பிறக்க, தந்தியில் ஐந்தில் நான்கு பங்கு ஒலித்தல் வேண்டும். எனவே மெட்டு மேட்டிலிருந்து 130 மில்லிமீட்டரில் நிற்கவேண்டும். தொழிற்சாலைக் கிதாரிலோ அது 134.1-இல் நிற்கிறது. பன்னிரு மெட்டுக்களுக்கும் இயல் அளவும், சமபாக அளவும் கீழே தரப்படுகின்றன. எல்லாம் மேட்டிலிருந்து மில்லிமீட்டர்.

சுத்த ரிஷபம் (16/15): இயல் அளவு 40.6, சமபாகம் 36.5
சதுச்சுருதி ரிஷபம் (9/8): 72.2, 70.9
சாதாரண காந்தாரம் (6/5): 108.3, 103.4
அந்தர காந்தாரம் (5/4): 130.0, 134.1
சுத்த மத்திமம் (4/3): 162.5, 163.1
பிரதி மத்திமம் (45/32): 187.8, 190.4
பஞ்சமம் (3/2): 216.7, 216.2
சுத்த தைவதம் (8/5): 243.8, 240.5
சதுச்சுருதி தைவதம் (5/3): 260.0, 263.5
கைசிகி நிஷாதம் (16/9): 284.4, 285.2
காகலி நிஷாதம் (15/8): 303.3, 305.7
மேல் சட்சம் (2/1): 325.0; 325.0

மத்திமமும் பஞ்சமமும் அரை மில்லிமீட்டர் அளவிலேயே வேறுபடுகின்றன. அவை காதை உறுத்தா. இரு காந்தாரங்களும் சுத்த ரிஷபமும் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் விலகுகின்றன. தைவதங்கள் மூன்றுக்கு மேல். நான்கு மில்லிமீட்டர் சிறிது எனத் தோன்றலாம். சட்சம் நொடிக்கு 220 அதிர்வு உடையதாயின், இயல்பான அந்தர காந்தாரம் 275 அதிர்வு பெறும். கிதாரின் காந்தாரம் 277.2 பெறும். தம்பூராவின் சட்சத் தந்தி தன் ஐந்தாம் மேலொலியில் காந்தாரத்தைத் தானே ஒலிக்கிறது. அஃது 1100 அதிர்வு. கிதாரின் காந்தாரத்தில் பிறக்கும் நான்காம் மேலொலியோ ஏறத்தாழ 1108.7. இரண்டும் மோதி நொடிக்கு எட்டு ஒன்பது முறை நடுங்கும். தம்பூரா இன்றி வாசிப்பார்க்கு அது தோன்றாது. தம்பூராவோடு வாசிப்பார்க்கு அதுவே முதலில் தோன்றும்.

5. மெட்டுக்களைப் பெருக்குதல் தீர்வாகுமா?

இருபத்திரண்டு அலகிற்கும் 22 மெட்டுக்கள் வைத்தால் என்ன என்று கேட்கலாம். 10/9 விகிதத்து ரிஷபம் 65 மில்லிமீட்டரிலும், 9/8 விகிதத்து ரிஷபம் 72.2-இலும் அமையும். இடைவெளி ஏழு மில்லிமீட்டர். விரல் நுனிக்கே அது போதாது. மேல் ஸ்தாயியில் அது பாதியாகி 3.6 ஆகும். அங்கு விரலை எங்கு வைப்பினும் அஃது இரு மெட்டுக்களின் மேலும் படியும். ஆதலின், இம்முறை ஏட்டில் அழகியது, கையில் இயலாதது.

24 சமபாகங்களாக மெட்டு வைத்தல், பண்டிதரின் கோட்பாட்டை ஏற்பார்க்குப் பொருந்தும். 5/4 என்னும் காந்தாரத்தை நாடுவார்க்கு அது பயன் தராது. அவர்கள் வேண்டுவது 386 கூறு. புதிதாகக் கிடைப்பது 350. முன்னரே இருப்பது 400. இரண்டனுள் அண்மையது பழைய மெட்டே. மெட்டின் தொகை இரட்டித்தும் குறை நீங்காது. ஆகவே, எண்ணிக்கையைப் பெருக்குதல் தீர்வு அன்று. இடத்தைத் திருத்துதலே தீர்வு என்பது போதரும்.

6. வீணை காட்டும் வழி

இவ்விடத்தில் வீணை நமக்கு ஆசானாகிறது. வீணைக்கும் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுக்களே. பலாமரத்தாலாகிய தண்டியின் இருமருங்கிலும் மெழுகுச்சட்டம் அமைத்து, அதன்மேல் மெட்டுக்களைப் பதிப்பர். இதனை மேளம் கட்டுதல் என்பர். மேளம் கட்டுவோர் அளவுகோலை மட்டும் நம்புவதில்லை. தந்தியை மீட்டி, காதால் தேர்ந்து, மெழுகு இளகியிருக்கும்போதே மெட்டைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துவர். ஆண்டுகள் சில கழிந்தபின், மெழுகு தேய்ந்தும் நெகிழ்ந்தும் போமாயின், மீண்டும் மேளம் கட்டுவர். ஆகவே, வீணையின் சுர நிலை என்றும் முடிந்த முடிபு அன்று; தலைமுறைதோறும் ஒரு காது அதனை மீண்டும் ஆராய்கிறது. பண்ணல் என்னும் பழைய செயல் மெழுகில் உயிர் வாழ்கிறது எனலாம்.

வீணை கற்பிக்கும் இரண்டாம் பாடம் சுருதி சேர்க்கும் முறை. வாசிக்கும் தந்திகள் நான்கும் சட்சமும் பஞ்சமமுமாகவே மாறி மாறி நிற்கின்றன. கிதாரின் வழக்கமான முறையில் தந்திகள் பெரும்பாலும் மத்திம இடைவெளியில் நிற்கும். மெட்டுக் கம்பி ஆறு தந்திகளுக்கும் குறுக்கே நேராகச் செல்வதால், ஒரு தந்திக்குத் திருத்திய மெட்டு மற்றொரு தந்தியைக் கெடுக்கும். சட்ச பஞ்சமமாகச் சேர்த்தால் இக்கேடு பெரிதும் நீங்கும். மேலே தந்த அளவுகளைப் பஞ்சமத் தந்தியில் வைத்துப் பார்ப்போம். 16/15-இன் மெட்டு அங்கே 8/5 ஆகிய சுத்த தைவதத்தைத் தரும். 5/4-இன் மெட்டு 15/8 ஆகிய காகலி நிஷாதத்தைத் தரும். 4/3-இன் மெட்டு மேல் சட்சத்தைத் தரும். மூன்று மெட்டுக்களே மாறுபட்ட அளவு தருவன. 9/8-இன் மெட்டு 5/3-க்கு மாறாக 27/16 ஆகிய தைவதத்தையும், 6/5-இன் மெட்டு 16/9-க்கு மாறாக 9/5 ஆகிய நிஷாதத்தையும், 45/32-இன் மெட்டு 16/15-க்கு மாறாக 135/128 ஆகிய சுத்த ரிஷபத்தையும் தரும்.

இம்மாறுபாட்டைக் குறை என்று தள்ளுதல் வேண்டா. சட்சத் தந்தியில் ஒரு தைவதமும், பஞ்சமத் தந்தியில் அதனினும் 21 கூறு உயர்ந்த மற்றொரு தைவதமும் கிடைக்கின்றன. நிஷாதமும் அவ்வாறே இருவகைப்படும். ஆக, 12 மெட்டுக்கள் 15 சுர நிலைகளை நல்குகின்றன. இராகத்திற்கு ஏற்ற தந்தியைத் தேர்தல் வாசிப்போர் கடன்.

மூன்றாம் பாடம் கமகம். வீணையின் உயர்ந்த மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரு மெட்டிலேயே பல சுரங்களைப் பிறப்பிப்பர். நம் இசையின் நுண்மை மெட்டில் நிற்பது சிறு பங்கே. மெட்டுக்களுக்கு இடையே ஓடுவது பெரும்பங்கு. கிதாரில் மெட்டுக்கள் தாழ்ந்தவை. விரல் பலகையைத் தொட்டுவிடுவதால் தந்தி எளிதில் நகராது. மெட்டுக்களுக்கு இடைப்பட்ட பலகையைக் குழிவாகச் செதுக்கினால் விரல் பலகையில் உராயாது, இழுப்பு எளிதாகும்.

7. முன்னோர் முயற்சிகள்

இக்குழிவுப் பலகையை நம் இசையோடு சேர்த்துப் புகழ்பெறச் செய்தவர் ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். எல். சங்கர், விக்கு விநாயகராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் அவர் 1970-களில் நடத்திய சக்தி குழுவில், குழிவுப் பலகையும் சுருதித் தந்திகளும் கொண்ட கிதாரை வாசித்தார். அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வீணை கற்பித்தவர் எஸ். இராமநாதன். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் 1974-இல் முனைவர் பட்டம் பெற்றவர் அப்பெரியார். அலகுக் கணக்கை ஆராய்ந்த தமிழறிஞர் ஒருவரின் மாணாக்கர் கிதாரின் கழுத்தைக் குடைந்தார் என்பது நம் துறையினர் மறக்கலாகாத செய்தி.

சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கருநாடக இசையைக் கிதாரில் வாசித்துக் காட்டினர். யூ. சீனிவாஸ் (1969–2014) மேனாட்டு மாண்டலினைத் தனித் தந்திகள் ஐந்து கொண்டதாக்கி, கமகத்தால் அதனை நம் கருவி ஆக்கினார். மெட்டின் இடத்தையே மாற்றும் முயற்சிகள் வேறோரிடத்தில் நடந்தன. 1829-இல் இங்கிலாந்தில் பெரோனெட் தாம்சன் என்பார் இயல் விகிதங்களுக்கு ஏற்ற கிதார் ஒன்றைப் பற்றி நூல் எழுதினார். 2008-இல் துருக்கி நாட்டுத் தோல்கஹான் சொவுலு, ஒவ்வொரு தந்தியின் கீழும் தனித்தனியே நகரும் சிறு மெட்டுக்கள் உடைய கிதாரை வடிவமைத்தார். நம் ஏகராக மேள வீணையின் கருத்து அங்கே புதுவடிவில் தோன்றியுள்ளமை காண்க.

8. செய்முறை

செவிலிமேட்டில் தறி செய்யும் தச்சர் ஒருவர் துணையுடன் பழங்கிதார் ஒன்றில் யாம் கண்ட செய்முறையைச் சுருங்க உரைப்போம். தறியின் அச்சை மாற்றாது பாவின் நெருக்கம் மாறாது என்பதை நன்கறிந்த அவருக்கு, மெட்டின் இயல்பை விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் மெட்டுக் கம்பிகளைச் சூட்டுக்கோலால் சூடாக்கி, தட்டையான வாயுடைய குறட்டினால் மெல்ல எடுத்தல் வேண்டும். விரைந்து பிடுங்கின் மரம் சிதறும். வெற்றிடமான பள்ளங்களை அம்மரத்தின் மெல்லிய சீவலும் பசையும் இட்டு அடைத்து, பலகையைச் சமன் செய்க. உடனே புதுப்பள்ளம் அறுத்தல் கூடாது. நைலான் நரம்பைக் கழுத்தைச் சுற்றி இறுகக் கட்டி, சித்தாரின் மெட்டுப் போல நகரத்தக்கதாக்கி, தம்பூராவோடு சில கிழமைகள் வாசித்துத் தேர்க. கழுத்து உடலோடு சேரும் இடத்திற்குக் கீழ் இவ்வாறு கட்ட இயலாது. ஆங்குக் கணக்கே துணை.

மேலே தந்த அளவுகள் தொடக்கமே அன்றி முடிவு அல்ல. தந்தியை அழுத்தும்போது அதன் இறுக்கம் மிகுந்து சுரம் சிறிது உயரும். அதனை ஈடுசெய்யக் குதிரையை இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் பின்தள்ளுவர். இறுதி இடத்தைக் காதே உறுதி செய்யவேண்டும். அதன்பின் மெல்லிய வாளால் பள்ளம் அறுத்து, கம்பியைப் பதித்து, மேல்முகத்தை ஒரே மட்டமாக அராவி, வளைவு கொடுத்து மெருகிடுக. பலகையைக் குடைதல் இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது. சட்ச பஞ்சமமாகச் சேர்க்கும்போது வழக்கமான தந்திகள் சில மிக இறுகும், சில தளரும். அதற்கேற்பத் தந்தியின் பருமனை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

9. தடையும் விடையும்

நம் இசைக்கலைஞர் சுரத்தை எப்போதும் ஒரே விகிதத்தில் இசைக்கின்றனரா என்று ஒரு தடை எழும். ஜைரஸ்பாய், ஸ்டோன் என்னும் இருவர் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, இந்துத்தானி இசைக்கலைஞர்தம் சுர அளவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுதலைக் காட்டிற்று. இத்தடை வலியுடையதே. ஆயினும், அது தொழிற்சாலை அளவிற்குச் சான்று ஆகாது. கலைஞர் வேறுபடுகின்றனர் என்பதன் பொருள், அவர்கள் காதால் தேர்கின்றனர் என்பதே. தேரும் உரிமையைக் கருவி பறித்தலாகாது என்பதே எம் வாதம்.

கமகத்தாலேயே எல்லாம் செய்யலாம்; மெட்டைப் பெயர்ப்பது எதற்கு என்பது மற்றொரு தடை. மெட்டின்மேல் தந்தியை இழுத்தால் சுரம் உயருமேயன்றித் தாழாது. தொழிற்சாலைக் கிதாரின் அந்தர காந்தாரம் முன்னரே உயர்ந்து நிற்கிறது. அதனைத் தாழ்த்த வேண்டுவோர், சாதாரண காந்தாரத்தின் மெட்டிலிருந்து நெடுந்தூரம் இழுத்தே அடைதல் வேண்டும். நீண்டு நிற்கவேண்டிய காந்தாரத்திற்கு அது துணைசெய்யாது. மெட்டு இயல்பான இடத்தில் இருந்தால், இழுப்பு அணியாகும். இல்லையேல், இழுப்பே ஊன்றுகோலாகிவிடும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கிதாரை நம் இசைக்கு இயைத்தற்கு மெட்டுக்களைப் பெருக்க வேண்டுவதில்லை. பன்னிரண்டையும் உரிய இடத்தில் நிறுத்தினால் போதும். சட்ச பஞ்சம முறையில் தந்திகளைச் சேர்த்தலும், பலகையைக் குழித்தலும் அதற்குத் துணையாவன. கணக்கு வழிகாட்டும், காது முடிவு செய்யும்.

இவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு. தொழிற்சாலை மெட்டோடு மட்டும் வளரும் குழந்தையின் காது, நான்கு அலகிற்கும் மூன்று அலகிற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கும் வாய்ப்பையே பெறாது. பின்னர் அக்குழந்தை சிலப்பதிகார உரையில் அலகுக் கணக்கைப் படிக்குங்கால், அதனை வெற்றெண்ணாகவே காணும். மெட்டுத் திருத்திய கிதாரில் அவ்விரண்டையும் அடுத்தடுத்து மீட்டிக் கேட்ட மாணாக்கரோ, உரையாசிரியர் எதனை எண்ணினர் என்பதை உணர்வர். ஆதலின், இசை இலக்கணம் கற்பிக்கும் தமிழ்த்துறைதோறும் இவ்வாறு அமைத்த கருவி ஒன்று வகுப்பறையில் இருத்தல் நன்று என்பது எம் துணிபு.